சென்னையிலிருந்து பெங்களூர் ராக் நிகழ்ச்சிக்கு நண்பர்களோடு போய்வர: முழுமையான வழிகாட்டி

பெரிய ராக் குழுக்கள் இந்தியாவுக்கு வரும்போது பெரும்பாலும் மும்பைக்கும் பெங்களூருக்கும்தான் வருகின்றன. அயர்ன் மெய்டன் 2007இலும் மெட்டாலிகா 2011இலும் வாசித்தது பெங்களூர் அரண்மனை மைதானத்தில். ஆகவே சென்னை ரசிகருக்கு ஒரு ராக் நிகழ்ச்சி என்பது ரயில் பயணமும் ஓர் இரவுத் தங்கலும் சேர்ந்த காரியமாகிவிடுகிறது. முதன்முறை போகிறவர்கள் டிக்கெட்டை எடுத்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, இரவு பத்தரை மணிக்கு மைதானத்தை அடுத்துள்ள மேக்ரி சர்க்கிள் பக்கம் ஆட்டோ கிடைக்காமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றையும் திட்டமிடுவதே சரியான வரிசை. கீழே உள்ள படிகள் அரண்மனை மைதானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெங்களூரின் மற்ற திறந்தவெளி மைதானங்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

1. யார் யார் வருகிறார்கள் என்பதைப் பணத்தால் உறுதிசெய்யுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "நானும் வர்றேன்" என்று சொல்வது ஒருவர் வருவதற்கு உத்தரவாதம் ஆகாது. டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளுக்கு முன்பாகவே, டிக்கெட், பயணம், அறை ஆகிய மூன்றுக்குமான தோராயத் தொகையைச் சொல்லி, டிக்கெட் எடுக்கப்போகிறவரின் கணக்கில் அதை முன்கூட்டியே செலுத்தச் செய்யுங்கள். பணம் வந்தவர்களுக்கு மட்டுமே டிக்கெட் என்ற விதியை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை. சொல்லாவிட்டால், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரே மூன்று மாதம் வசூல்காரராக அலைய வேண்டியிருக்கும். பின்வாங்குகிறவர் தனக்குப் பதிலாக ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் அப்போதே எழுதிவைத்துவிடுவது நல்லது.

நான்கு பேர் என்பது மிகவும் வசதியான எண்ணிக்கை. ஒரு டாக்ஸியில் அடங்கலாம், இரண்டு அறைகளில் தங்கலாம், கூட்டத்துக்குள் இரண்டு ஜோடிகளாகப் பிரியலாம். எட்டுப் பேர் போவதானால் தொடக்கத்திலேயே இரண்டு குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கூட்டத்துக்குள் எட்டுப் பேரையும் ஒன்றாக நகர்த்துவது நடக்காத காரியம்.

2. டிக்கெட்டுக்கு முன் திரும்பும் வழி

ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் இதை நள்ளிரவு வரை தளர்த்தலாம் என்றாலும், அதை நம்பித் திட்டமிட வேண்டாம். நிகழ்ச்சி 10 மணிக்கு முடியும் என்றே கணக்கிடுங்கள். பெரிய மைதானத்திலிருந்து சாலைக்கு வந்துசேரவே அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

சென்னைக்கு வரும் பெங்களூர் மெயில் இரவு பத்தே முக்கால் வாக்கில் மெஜஸ்டிக்கில் உள்ள கே.எஸ்.ஆர். நிலையத்திலிருந்து கிளம்பிவிடுகிறது. கணக்கு இங்கேதான் உதைக்கிறது: பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால் பத்தே முக்கால் வண்டியைப் பிடிக்க முடியாது. ஆனாலும் புதிதாக வருகிறவர்களில் பலர் அந்த வண்டியில்தான் முன்பதிவு செய்து வைத்திருப்பார்கள், கடைசி நான்கு பாடல்களை விட்டுவிட்டு ஓடுவார்கள். பெரும்பாலும் அந்த நான்கு பாடல்களுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பார்கள்.

மாற்று வழிகள் இரண்டு. ஒன்று, இரவு தங்கிவிட்டு மறுநாள் கிளம்புவது. காலை ஆறு மணியளவில் சதாப்தி, லால்பாக் ரயில்கள் இருக்கின்றன. பிற்பகலில் டபுள் டெக்கரும் பிருந்தாவனும் இருக்கின்றன. நள்ளிரவுக்கு மேல் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு நான்கு பேரை எழுப்புவது எளிதன்று என்பதால் பிற்பகல் வண்டியையே பரிந்துரைக்கிறேன். மற்றொன்று, ஆம்னி பஸ். இவற்றில் பல மடிவாளா, சில்க் போர்டு வழியாக ஓசூர் சாலையில் ஆளேற்றிக்கொண்டு வருகின்றன. அரண்மனை மைதானமோ நகரின் மறுபாதியில் இருக்கிறது, ஆகவே குறைந்தது ஒன்றரை மணி நேர இடைவெளி விட்டு, ஏறுமிடத்தைக் கவனித்துப் பதிவு செய்ய வேண்டும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நிகழ்ச்சியோ நான்கு மாதம் முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். அந்த அறுபதாவது நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, காலை 8 மணிக்கு ஒருவர் தயாராக உட்கார வேண்டும். போகும் வண்டி கன்டோன்மென்ட் நிலையத்தில் நிற்குமானால் அங்கேயே இறங்குவது நல்லது, ஏனெனில் மெஜஸ்டிக்கைவிட அது மைதானத்துக்கு அருகில் உள்ளது.

அறையை வசந்த நகர், கன்டோன்மென்ட், ஜெயமகால் பகுதிகளில் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நடந்தே போய்ச் சேரும்படியான அறைக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், இரவு டாக்ஸிக் கட்டணத்தில் அது மிச்சமாகிவிடும். நள்ளிரவில் கதவு திறப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக எடுப்பது முக்கியம். 2011 அக்டோபரில் மெட்டாலிகாவின் குர்கான் நிகழ்ச்சி, கூட்டமெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, மேடைக்கு முன்னுள்ள தடுப்பில் ஏற்பட்ட கோளாறால் நடக்காமலே போனது. அப்படி ஆனால் டிக்கெட் பணம் திரும்பக்கூடும். ரயிலுக்கும் அறைக்கும் ஏற்பாட்டாளர் பொறுப்பேற்கமாட்டார்.

3. எந்த வகை டிக்கெட்

ஜி.ஏ. எனப்படும் பொது நுழைவு, மேடையை ஒட்டிய ஃபேன் பிட், உயர்த்திக் கட்டிய வி.ஐ.பி. மேடை என்று பொதுவாக மூன்று வகைகள் இருக்கும். முதன்முறை போகிறவர் ஃபேன் பிட்டுக்கு இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அங்கே இடம் பிடிக்க ஆறு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும், இடத்தை விட்டு நகர்ந்தால் திரும்பக் கிடைக்காது, ஒலியும் அங்கே சிறப்பாக இருப்பதில்லை. அதன் காரணத்தை எட்டாவது படியில் சொல்கிறேன்.

குழுவில் உள்ள எல்லோரும் ஒரே வகை டிக்கெட்டையே எடுங்கள். இருவர் பிட்டிலும் இருவர் பொதுப் பகுதியிலும் என்று பிரிந்தால் உள்ளே ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாது, ஏனெனில் இரண்டுக்கும் நடுவில் தடுப்பும் காவலரும் இருப்பார்கள்.

விலையைப் பார்க்கும்போது வரியையும் பாருங்கள். 500 ரூபாய்க்கு மேற்பட்ட இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வரி சேராத விலை 5,000 ரூபாய் என்றால் வரி மட்டுமே 900 ரூபாய். அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம் வேறு. முதல் படியில் வசூலிக்கும் தொகை இவற்றையும் சேர்த்ததாக இருக்க வேண்டும்.

4. டிக்கெட் எடுக்கும் நாள்

விற்பனை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே செயலியில் உள்நுழைந்து, பெயர், எண், மின்னஞ்சல் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். வரிசையில் இருக்கும்போது ஓ.டி.பி. கேட்டால் அந்த ஒரு நிமிடத்தில் இடம் போய்விடும்.

இருவர் தனித்தனிக் கணக்குகளிலிருந்து முயலலாம். ஆனால் ஒருவருக்குக் கிடைத்தவுடன் மற்றவருக்குத் தெரிவிக்க ஒரு போன் அழைப்பைத் திறந்தே வைத்திருங்கள். இல்லாவிட்டால் நான்கு பேருக்கு எட்டு டிக்கெட் வந்துசேரும். ஒருவர் அதிகபட்சம் எத்தனை டிக்கெட் எடுக்கலாம் என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பணம் செலுத்தும் வழியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். யூ.பி.ஐ.யின் வழக்கமான தினசரி வரம்பு ஒரு லட்சம் ரூபாய். போனைப் புதிதாக மாற்றியவர்களுக்குப் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான். ஆகவே விற்பனைக்கு முந்தைய நாள் போனை மாற்றாதீர்கள், ஒரு கார்டையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

கிடைக்காவிட்டால், முன்பின் தெரியாதவரிடம் இணையத்தில் வாங்காதீர்கள். ஒரே கியூஆர் கோடின் படத்தைப் பத்துப் பேருக்கு விற்பது எளிது. வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர் மட்டுமே உள்ளே போவார்.

5. முந்தைய வாரம் செய்ய வேண்டியவை

காதுக்கு இயர் பிளக் வாங்குங்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள்தான் மறுநாள் காதுக்குள் ரீங்காரத்தோடு ரயிலேறுகிறார்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலின்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ராக் நிகழ்ச்சியில் ஒலி அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம், நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரம் நடக்கும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை வகையே போதும், ஆனால் போடும் முறை தெரிய வேண்டும். விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்பகுதியைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் பயனில்லை. நுரை வகை உச்ச ஒலிகளை அதிகமாக மழுங்கடிக்கும். பாடல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி வகையை வாங்கலாம். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அதே சுற்றுப்பயணத்தில் முந்தைய ஊர்களில் வாசித்த பாடல்களின் வரிசை இணையத்தில் கிடைக்கும். அதை ஒருமுறை கேட்டுவிட்டுப் போனால், தெரியாத குழுவாக இருந்தாலும் கூட்டத்தோடு சேர்ந்து பாடலாம். கழிப்பறைக்கு எந்தப் பாடலில் போகலாம் என்பதும் தெரிந்துவிடும். ஆச்சரியம் கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

காலுக்கு மூடிய ஷூ கட்டாயம். செருப்பு அணிந்தவரின் கால்விரல்கள் மிதிபடாமல் திரும்புவது அபூர்வம். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பெங்களூரில் மாலை மழை வழக்கமானது. குடையை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே மடித்துப் பையில் வைக்கும் மழைக்கோட்டு வேண்டும். மைதானம் சேறாகும் என்பதால் புது வெள்ளை ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தடைசெய்த பொருட்களின் பட்டியலை முழுதாகப் படியுங்கள். தண்ணீர் பாட்டில், பெரிய பை, ஹெல்மெட், செல்ஃபி ஸ்டிக், வாசனைத் திரவியம், லைட்டர் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். பல நிகழ்ச்சிகளில் பவர் பேங்கும் அந்தப் பட்டியலில் இருக்கும். வாசலில் பிடுங்கியதைத் திருப்பித் தரமாட்டார்கள், பொருள் வைக்கும் அறை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

6. நிகழ்ச்சி நாளில் மைதானம் போய்ச்சேர்தல்

காலை வண்டியில் வந்து, அறையில் பையை வைத்துவிட்டு, இரண்டு மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே விலை அதிகம் என்பது ஒருபுறம். இருட்டிய பிறகு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர் அரை நிகழ்ச்சியை முதுகால்தான் பார்ப்பார். வெறும் வயிற்றில் மது அருந்திவிட்டு வெயிலில் நிற்பதுதான் மயங்கி விழுவதற்கு மிகச் சுலபமான வழி.

அரண்மனை மைதானம் என்பது ஒரே மைதானம் அன்று. சுற்றுச் சுவரில் பல வாசல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு திடலுக்குப் போகிறது, ஒரே மாலையில் ஒரு திடலில் ராக் நிகழ்ச்சியும் இன்னொன்றில் திருமண வரவேற்பும் நடக்கும். வரைபடத்தில் பெங்களூர் அரண்மனை என்று தேடினால் வசந்த நகர்ப் பக்கம் அரண்மனைக் கட்டடத்துக்கே கொண்டுபோய் விடும். டிக்கெட்டில் உள்ள வாசல் எண்ணையும் திடலின் பெயரையும் பார்த்து ஓட்டுநரிடம் சொல்லுங்கள். தவறான வாசலில் இறங்கினால் சுவரைச் சுற்றி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும்.

டிக்கெட்டைக் கைப்பட்டையாக (மணிக்கட்டில் கட்டும் ரிஸ்ட் பேண்ட்) மாற்ற வேண்டுமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்குத் தனி வரிசை உண்டு. அசல் அடையாள அட்டையும் கேட்பார்கள். டிக்கெட்டுகளெல்லாம் ஒருவர் போனில் இருந்தால், மற்றவர்கள் அவரை விட்டு முன்னேறாதீர்கள். முடிந்தால் முந்தைய நாளே ஒவ்வொருவர் போனுக்கும் மாற்றிவிடுங்கள்.

வாசல் திறந்து ஒரு மணி நேரத்துக்குள் நுழைந்துவிடுவது பாதுகாப்பானது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை ஈ.சி.ஆரில் நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சியில், டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

7. உள்ளே நுழைந்ததும் முதல் அரை மணி நேரம்

நேராக மேடையை நோக்கி ஓடாதீர்கள். முதலில் கழிப்பறை, குடிநீர், முதலுதவிக் கூடாரம், வெளியேறும் வழிகள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இருட்டில் பத்தாயிரம் தலைகளுக்கு நடுவே இவற்றைத் தேடுவது கடினம்.

பிறகு, பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். கூட்டம் சேர்ந்ததும் மொபைல் நெட்வொர்க் படுத்துவிடும்; வாட்ஸ்அப் செய்தி அரை மணி நேரம் கழித்து வந்து சேரும். மேடைக்கு வலப்பக்கம் என்று சொல்வது போதாது. முதலுதவிக் கூடாரத்தின் இடது மூலை என்பதுபோல் நகராத, வெளிச்சமுள்ள, கூட்டம் நெருக்காத ஓர் இடமாக இருக்க வேண்டும். பிரிந்தவர் அடுத்த பாடல் முடிந்ததும் அங்கே போய்க் காத்திருக்க வேண்டும், மற்றவர்கள் தேடி அலையக்கூடாது என்ற விதியும் சேர்ந்தால்தான் இது பயன்படும், ஏனெனில் இரு தரப்பும் அலைந்தால் சந்திப்பே நடக்காது. குறுஞ்செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப்பைவிட எளிதில் போகும்.

கைப்பட்டையில் பணம் ஏற்றிச் செலவு செய்யும் முறை இருந்தால் சிறு தொகையாக ஏற்றுங்கள். மிச்சத்தைத் திரும்பப் பெறும் வழியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. எங்கே நிற்பது

மைதானத்தின் நடுவே, மேடையை எதிர்நோக்கி, ஒலிப்பொறியாளரின் கூடாரம் ஒன்று இருக்கும். அவர் அங்கே நின்று கேட்டுத்தான் ஒவ்வொரு கருவியின் அளவையும் சமன் செய்கிறார், ஆகவே அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னாலோ ஒட்டியோ நிற்பவருக்கே அவர் கேட்கும் சமநிலை கிடைக்கிறது. மேடையை ஒட்டி நிற்பவருக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கர்களின் ஒலி தலைக்கு மேல் போய்விடுகிறது; தரையில் வைத்த சப்வூஃபர்கள் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்களின் அதிர்வு மட்டும் நெஞ்சில் மோதுகிறது, பாடகரின் குரல் கலங்கிக் கேட்கிறது. பாடகரின் முகத்தை அருகில் பார்ப்பதே நோக்கமென்றால் முன்னால் போகலாம். பாட்டைக் கேட்பதற்கு இந்த இடம்தான்.

உயரம் குறைவானவர்களுக்கு இன்னொரு வசதி: கூடாரத்தைச் சுற்றியுள்ள தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டால் ஒரு பக்கமாவது யாரும் தள்ளமாட்டார்கள்.

9. நெரிசலும் மாஷ் பிட்டும்

மாஷ் பிட் என்பது ஒருவரையொருவர் மோதி ஆடும் வட்டம். அதற்கென்று எழுதப்படாத விதிகள் உண்டு: விழுந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்துவார்கள், முழங்கையை உயர்த்தி ஆடக்கூடாது, ஓரத்தில் நிற்பவரை உள்ளே இழுக்கக்கூடாது. போக விரும்புகிறவர் மூக்குக்கண்ணாடி, மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ஷூ நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு, ஜோடியில் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நடுவே கூட்டம் திடீரென இரண்டாகப் பிளந்து வெற்றிடம் உண்டானால், அடுத்த நொடி இரு பக்கமும் பாய்ந்து மோதப்போகிறார்கள் என்று பொருள். விருப்பமில்லாதவர் உடனே பின்வாங்க வேண்டும்.

நெரிசல் இதிலிருந்து முற்றிலும் வேறானது, ஆபத்தானதும் அதுதான். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் சேரும்போது கூட்டம் தனி மனிதர்களாக நகர்வதை நிறுத்தி, அலைபோல் நகரத் தொடங்குகிறது. டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 2000ஆம் ஆண்டு ஒன்பது பேர் மேடைக்கு முன்னால் இப்படித்தான் இறந்தார்கள். நெரிசலில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது மிதிபடுவதைவிட, நெஞ்சு விரிய இடமின்றி மூச்சு முட்டுவதே.

கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லை என்றாலோ, நீங்கள் காலெடுத்து வைக்காமலே நகர்கிறீர்கள் என்றாலோ, உடனே வெளியேறுங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கைகளைக் குத்துச்சண்டைக்காரரைப்போல் நெஞ்சுக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். அலை தள்ளும்போது எதிர்த்து நிற்காமல் அதோடு போய், அது தளரும் கணத்தில் குறுக்காக, ஓரத்தை நோக்கிச் சில அடிகள் நகருங்கள். கீழே விழுந்த போனை எடுக்கக் குனியாதீர்கள்.

10. வெளியேறுதல்

இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கடைசிப் பாடல் தொடங்கும்போதே பின்பக்கமாக நகர்ந்து வாசலருகே நின்று கேட்பது, அல்லது எல்லாம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பது. இரண்டுக்கும் நடுவில், எல்லோரும் கிளம்பும் அதே நிமிடத்தில் கிளம்புவதுதான் மோசம். குழு மேடையை விட்டு இறங்கியதும் முடிந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள்; பெரும்பாலும் திரும்பி வந்து இன்னும் இரண்டு மூன்று பாடல்கள் வாசிப்பார்கள். விளக்குகள் முழுதாக எரிந்தால்தான் முடிவு.

வாசலில் நின்று டாக்ஸி போடாதீர்கள். எல்லோரும் அங்கிருந்தே அழைப்பதால் விலை இரண்டு மூன்று மடங்காகும், வண்டியும் உள்ளே நுழைய முடியாமல் ரத்தாகும். ஒரு கிலோமீட்டர் நடந்து வேறு சாலைக்குப் போய் அழைத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அறை அருகில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நால்வரும் சேர்ந்துதான் மைதானத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்பவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

11. மறுநாள்

காது சற்று அடைத்தாற்போல் இருப்பது ஒரு நாளில் சரியாகிவிடும். இரண்டு நாட்களுக்கு மேல் ரீங்காரம் நீடித்தாலோ ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்தாலோ தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ரயிலில் இயர்போன் வேண்டாம்.

கைப்பட்டையில் மிச்சமிருக்கும் பணத்தைத் திரும்பப் பெற ஏற்பாட்டாளர்கள் கெடு வைப்பார்கள். கைப்பட்டையை வெட்டி எறிவதற்கு முன் அதன் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி, சாப்பாடு, அறை ஆகியவற்றின் கணக்கை ரயில் காட்பாடி தாண்டுவதற்குள் பேசி முடித்துவிடுங்கள். பில்கள் எல்லாம் அப்போது கையில் இருக்கும், எல்லோரும் ஒரே பெட்டியில் இருப்பார்கள். சென்னை சென்ட்ரலில் இறங்கிப் பிரிந்த பிறகு வசூல் நடக்காது.